எழுபத்தோராவது முட்டை

அவிநாசியிலிருந்து காந்திபுரத்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து உக்கடம் தாண்டி, பாலக்காட்டு ரோட்டில் இருக்கும் கல்லூரிக்கு இன்னொரு பஸ். கெசியா இரண்டு வருஷம் இப்படிப் போய் வந்தாள். முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண் சொக்கிவிடும். முழுத் தூக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. கண்டக்டரின் விசில், கருமத்தம்பட்டியில் ஏறும் பூக்காரப் பெண்களின் பேச்சு, சின்னியம்பாளையத்தில் மில் சங்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதன் நடுவில் அவள் எங்கோ மிதந்துகொண்டிருப்பாள். இரண்டாவது பஸ்ஸில் விழித்துக்கொள்வாள். உக்கடம் குளத்தின் கரையோரம் பஸ் வளையும்போது தண்ணீர்மேல் பனி பஞ்சுபோல நிற்கும். அதற்குள் கருப்பாக ஏதோ அசையும். பறவையா, மிதக்கும் ஆகாயத்தாமரையா என்று தெரிவதற்குள் பஸ் குளத்தைக் கடந்துவிடும்.

அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வகுப்பில் இருந்த மற்ற பதின்மூன்று பேரும் இருபத்தொன்று, இருபத்திரண்டு. எல்லோரும் அவளை அக்கா என்றார்கள். உயிர்மருத்துவ அறிவியலில் எம்.எஸ்ஸி. என்பது அந்தக் கல்லூரியில் புதிதாக வந்த படிப்பு. படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கெசியா வேலைக்காகச் சேரவும் இல்லை. எதற்காகச் சேர்ந்தாள் என்பதை முதல் ஒன்றரை வருஷம் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா சத்தியசீலன் அவிநாசிப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் கெசியா. பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்ததும் ஊருக்கு வெளியே அரங்கசாமி என்பவர் நடத்திய ஹேச்சரியில், அதாவது கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையத்தில், சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆயிரக்கணக்கான முட்டைகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும் இயந்திர அறைக்குள் போனால், ஒரு பெரிய மிருகத்தின் வயிற்றுக்குள் போனதுபோல வெதுவெதுப்பாக இருக்கும். மணிக்கு ஒரு தடவை எல்லா முட்டைகளும் ஒன்றாகச் சாய்ந்து திரும்பும். அந்த மெல்லிய கரகர சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள்.

கல்யாணம் ஆனது ரூபனோடு. அவன் அவிநாசியிலேயே மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்தான். எரிந்துபோன கிணற்று மோட்டார்களைப் பிரித்து, செம்புக் கம்பியைத் திரும்பச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்கிற வேலை. அதிகம் பேசமாட்டான். பேசினால் தாழ்ந்த குரலில், எதிரில் இருப்பவர் ஒரு அடி நெருங்கி வந்து கேட்கும்படி பேசுவான்.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இனியா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் குழந்தையின் உதடு நீலமானது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தின் நடுச்சுவர் மூடவில்லை, பெரிய ஓட்டை, ரத்தக் குழாயும் இடம் மாறியிருக்கிறது என்று டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். பதினோராம் நாள் குழந்தை போய்விட்டது. கருமத்தம்பட்டி பக்கத்தில் ரூபன் குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

அன்றைக்கு வந்திருந்தவர்களில் பக்கத்து வீட்டுப் பழனியாத்தாளும் ஒருத்தி. கெட்ட மனசுக்காரி இல்லை. மூன்று நாள் சோறு சமைத்துக் கொண்டுவந்தவள். அவள்தான் வாசலில் யாரிடமோ மெதுவாகச் சொன்னாள்: "வயித்துப் புள்ளைய வெச்சுக்கிட்டு அந்த மருந்துப் பொகைக்குள்ள நின்னா ஆகுமுங்களா?"

கெசியா உள்ளே படுத்திருந்தாள். அந்த வார்த்தை காதில் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், அதன்பிறகு வெளியே போகவில்லை.

ஹேச்சரிக்கு முட்டை வந்து இறங்கியதும் கிருமி போவதற்காக மூடிய அறையில் வைத்துப் புகை போடுவார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பார்மலினை ஊற்றினால் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். ஊற்றிவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்த வேண்டும். சூப்பர்வைசர் என்ற முறையில் அதைச் செய்தவள் கெசியா. ஆறாம் மாதம் வரைக்கும் செய்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, பேப்பரில் அந்தப் படிப்பின் விளம்பரத்தைப் பார்த்தாள். இரண்டாம் வருஷத்தில் மாணவர்கள் தாங்களே ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ரூபனிடம் காட்டியபோது அவன் வேண்டாம் என்பான் என்று நினைத்தாள். அவன் விளம்பரத்தை முழுக்கப் படித்துவிட்டு, "ரெண்டு பஸ் மாறோணுமே அம்மணி, ஒடம்பு தாங்குமா?" என்று மட்டும் கேட்டான். தாங்கும் என்றாள். மறுநாள் அவனே போய் விண்ணப்பம் வாங்கி வந்தான்.

அரங்கசாமி அவளை விடுவதற்கு மனமில்லாமல்தான் விட்டார். வாரத்தில் சனிக்கிழமை மட்டுமாவது வந்துபோக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவளும் ஒப்புக்கொண்டாள். புகை போடுவது மட்டும் இனி வேறு ஆள்.

*

முதல் வருஷம் பாடங்களிலேயே போனது. செல், புரதம், நோய் எதிர்ப்பு, ரத்தம். மத்தியான வகுப்புகளில் மின்விசிறி சுற்ற, சாம்பார் சாதம் உள்ளே கனக்க, பாதி கேட்டும் பாதி கனவிலும் கிடப்பாள். ஆனால் கருவளர்ச்சி வகுப்பில் மட்டும் அவள் கண் மூடியதே இல்லை. அதை எடுத்தவர் உம்மல் குல்சும். கெசியாவைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். கரும்பலகையில் இதயத்தை நான்கே கோடுகளில் வரைவார். முதலில் ஒரு நேர்க்குழாய். அது பாம்பு மாதிரி வளையும். பிறகு நடுவில் ஒரு சுவர் கீழேயிருந்து மேலே எழும்பும், மேலேயிருந்து இன்னொன்று இறங்கி வரும், இரண்டும் சந்திக்கும். சந்திக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு மாணவன் கேட்டான். ஓட்டை விழும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போனார். கெசியாவின் நோட்டில் அந்தப் பக்கத்தில் படம் இல்லை. பேனா ஒரே இடத்தில் நின்று மை ஊறிய வட்டம் மட்டும் இருந்தது.

இரண்டாம் வருஷம் அவரிடமே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கோழிக்கருவின் இதயத்தைப் பார்மலின் புகை பாதிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். ஹேச்சரியில் வேலை செய்தவள் என்பதால் மேடம் அதில் வேறெதையும் தேடவில்லை. நல்ல தலைப்பு என்று ஒத்துக்கொண்டார்.

முதல் கோளாறு முட்டையிலேயே வந்தது. லேப் உதவியாளர் ஐயாசாமி வாங்கிவைத்த முப்பது முட்டைகளை ஒரு வாரம் சூட்டில் வைத்தும் ஒன்றிலும் ஒன்றும் உருவாகவில்லை. மேடம் வெப்பமானியைச் சந்தேகப்பட்டார். கெசியா ஒரு முட்டையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு ஐயாசாமியிடம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். உக்கடத்தில் மளிகைக் கடையில் என்றார்.

"மேடம், இது கடை முட்டைங்க. சேவலே சேராத கோழி போட்டது. ஒரு வருசம் வெச்சாலும் ஒண்ணும் வராதுங்க."

உம்மல் குல்சும் அவளைப் பார்த்தார்; ஐயாசாமியைப் பார்த்தார்; கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பதினோரு வருஷமா இதயம் சொல்லிக் குடுக்கறேன் கெசியா. கோழிய நான் தட்டுலதான் பாத்திருக்கேன்."

அன்றிலிருந்து முட்டை விஷயத்தில் கெசியா சொன்னதுதான் சட்டம். அரங்கசாமியிடம் வாங்கிய முட்டைகளை அட்டைத் தட்டில் பஞ்சு வைத்து, அகன்ற முனை மேலே இருக்கும்படி அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையும் தட்டைத் தூக்கிப் பிடிக்கும். கொண்டுவந்ததும் சூட்டில் வைக்கக் கூடாது, பாதி நாளாவது அசையாமல் இருக்க வேண்டும் என்பாள். அப்படியும் கருக்கள் நான்காம் நாளுக்குள் செத்துக்கொண்டிருந்தன. லேப்பின் சூட்டுப்பெட்டி ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கியது. ஒரு விடுமுறை நாளில் ரூபன் வந்து பெட்டியைப் பிரித்துப்போட்டு, கருகிப்போன ஒரு தகட்டை மாற்றி, புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். வெப்பமானியின் கோடு அதற்கப்புறம் அசையவில்லை.

*

தொண்ணூற்று ஐந்து தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம். கல்லூரிக்கு லீவு. முட்டைகளுக்கு ஏது லீவு? வெள்ளிக்கிழமை கொண்டுவந்து சனிக்கிழமை காலை சூட்டில் வைத்தவை அன்றைக்கு மூன்றாம் நாள். ரூபனின் அம்மா பாப்பாயி, நாற்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் கிரகணம் என்றால் அடுப்புப் பற்றவைக்க மாட்டார். கெசியா செருப்பை மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "கண்ணு, புடிச்சது விட்டப்பறம் போலாமே" என்றார். அத்தை, முட்டை காத்திருக்காது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸில் மொத்தம் நான்கு பேர். கடைகள் சாத்திக் கிடந்தன. தெருவெங்கும் முந்தின நாள் வெடித்த பட்டாசுக் காகிதம். சின்னியம்பாளையம் தாண்டும்போது வெயில் மாறத் தொடங்கியது. இருட்டவில்லை, யாரோ வெயிலில் கொஞ்சம் தண்ணீர் கலந்துவிட்டதுபோல வெளுத்து, சாயந்திரமும் இல்லாமல் காலையும் இல்லாமல் ஒரு ஒளி. புளியமரத்தடியில் இலைகளின் நடுவே விழும் வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறைபிறையாக இருந்தன. ரோடு முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகள். பஸ் அவற்றின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. தான் விழித்திருக்கிறோமா என்று கெசியாவுக்குச் சந்தேகம் வந்தது.

லேப்பில் உம்மல் குல்சும் மட்டும் இருந்தார். அவரும் முட்டைக்காகத்தான் வந்திருந்தார். கெசியா ஒரு முட்டையைப் படுக்கவைத்து, ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தாள். மேல் ஓட்டில் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு ஜன்னல் வெட்டினாள். பல்லை மெதுவாக வைத்துக் காயைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். ஓட்டுத் துண்டை இடுக்கியால் தூக்கி எடுத்தாள்.

மஞ்சளின்மேல் ரத்தக் குழாய்கள் ஒரு சிவப்பு வலைபோல விரிந்திருந்தன. வலையின் நடுவில் காற்புள்ளி மாதிரி ஒரு உடம்பு. அந்த உடம்பின் மடியில், கடுகைவிடச் சின்னதாக, ஒரு சிவப்புப் பொட்டு துடித்துக்கொண்டிருந்தது.

யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாருக்காகவும் நிற்காமல், அது துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் வலை முழுவதும் லேசாகச் சிவந்து வெளுத்தது. ஜன்னலுக்கு வெளியே அந்த வெளுத்த வெயில். எங்கோ தொலைவில் விட்டுப்போன ஒரு வெடி. கெசியா எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நிமிர்ந்தபோது கழுத்து வலித்தது. வெயில் பழையபடி மஞ்சளாகி இருந்தது. பக்கத்தில் மேடம் ஒரு டம்ளர் டீயோடு நின்றுகொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

*

உண்மையான சோதனை நவம்பரில் தொடங்கியது. நூற்றிருபது முட்டைகள், மூன்று கூட்டமாக. நாற்பது முட்டைக்குக் குறைந்த புகை, நாற்பதுக்கு அதிகப் புகை. மீதி நாற்பதுக்கு ஒன்றுமே கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வைப்பவை. இதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். எந்த முட்டை எந்தக் கூட்டம் என்பது பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் கண் தான் நினைத்ததையே பார்க்கும் என்றார் மேடம். ஆகவே முட்டைகளைக் கலந்து, ஓட்டின்மேல் பென்சிலால் எண் போட்டு, கெசியா இல்லாத நேரத்தில் அவரும் ஐயாசாமியும் புகை காட்டினார்கள். எண்களின் பட்டியல் மேடத்தின் பூட்டிய டிராயருக்குள் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் முட்டையைத் திறந்து இதயத்தை எடுக்க வேண்டும். மெழுகில் பதித்து, இயந்திரத்தில் வைத்து, மூச்சுவிட்டால் பறந்துபோகும் மெல்லிய சீவல்களாகச் சீவ வேண்டும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாடாவாக வரும். அந்த நாடாவை வெந்நீரின்மேல் விட்டதும், சுருக்கம் எல்லாம் தானாகப் பிரிந்து, தண்ணீரே ஒரு தோல் போர்த்திக்கொண்டதுபோல விரியும். அதைக் கண்ணாடித் துண்டால் ஏந்தி எடுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு தேசம் தெரியும். ஒரு இதயத்துக்கு அறுபது, எழுபது சீவல். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், நடுச்சுவர் கீழேயிருந்து எழும்பி வருவதைக் காணலாம். கெசியா அந்தக் குளிர்காலம் முழுவதும் இதயங்களுக்குள் நடந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் கண்ணை மூடினால் இமைக்குள் அதே இளஞ்சிவப்புச் சுவர்கள். சில நாள் அந்தச் சுவர்களின் வழியாக ஒரு குழந்தை தவழ்ந்து போவதுபோல இருக்கும். முகத்தைத் திருப்பாது. அவள் கூப்பிடவும் மாட்டாள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், எண் எழுபத்தொன்று. சுவர் எழும்பி வந்தது. அடுத்த சீவல், அதற்கடுத்த சீவல். மேலே சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. சேர்ந்துவிடும் என்று அடுத்த கண்ணாடிக்குப் போனாள். அங்கேயும் இடைவெளி. ஏழு சீவல்கள் வரை ஊசி முனை அளவு ஒரு வாசல் திறந்தே இருந்தது.

மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள். நோட்டில் எழுபத்தொன்றுக்கு நேரே எழுத வேண்டியதை எழுதினாள். கை கழுவினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினாள். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் அவிநாசியில் இறங்கத் தவறிவிட்டாள். பெருமாநல்லூரில் கண்டக்டர் வந்து, "எங்கீங்க எறங்கோணும்?" என்று கேட்டபோதுதான் வெளியே பார்த்தாள்.

அவள் தேடியது கிடைத்துவிட்டது. அதுதான் அவளுக்குத் தோன்றியது. ஒன்றரை வருஷமாகத் தேடிவந்தது இதைத்தான். இப்போது கண்ணாடித் துண்டில் ஒட்டி, எண் போட்டு, பெட்டியில் இருக்கிறது. வலிக்கும் என்று நினைத்திருந்தாள். வலிக்கவில்லை. எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான். பாப்பாயி பேசுவது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ரூபன் இரண்டு தடவை உடம்பு சரியில்லையா என்று கேட்டான். பஸ் அலைச்சல் என்றாள்.

பட்டியலைத் திறந்து பார்க்கலாமா என்று மேடத்திடம் கேட்டாள். எல்லா இதயமும் பார்த்து முடியட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். மீதி இருந்தவற்றைப் பார்க்க மூன்று வாரம் ஆனது. வேறு எதிலும் ஓட்டை இல்லை.

மார்ச் முதல் வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, உம்மல் குல்சும் டிராயரைத் திறந்து பட்டியலை எடுத்தார். கெசியா நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவர் கூட்டத்தைச் சொன்னார். அதிகப் புகை பட்டவற்றில் பாதிக்குமேல் முன்னமே செத்திருந்தன. பிழைத்தவற்றின் இதயம் சரியாகவே இருந்தது. குறைந்த புகை பட்டவை எல்லாம் நன்றாக இருந்தன.

"எழுபத்தொண்ணு," என்றாள் கெசியா.

மேடம் விரலை வைத்துத் தேடினார். "கண்ட்ரோல்."

"மறுபடியும் பாருங்க மேடம்."

அவர் பட்டியலையே அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவருடைய சாய்ந்த கையெழுத்தில் 71, அதற்கு நேரே ஒன்றுமில்லை என்பதற்குப் போடும் சின்ன வட்டம். புகை படாத முட்டை. யாரும் எதுவும் செய்யாத முட்டை. அவளே மடியில் வைத்துக் கொண்டுவந்து, சூடு குறையாமல், தண்ணீர்த் தட்டு வற்றாமல் பார்த்துக்கொண்ட முட்டை.

கெசியா வெகுநேரம் அந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு, இனியாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். புகை அறையைப் பற்றி, பழனியாத்தாள் சொன்னதைப் பற்றி, எதற்காக இந்தப் படிப்பில் சேர்ந்தாள் என்பதைப் பற்றி. அழாமல், வகுப்பில் பாடம் ஒப்பிப்பவள்போல வரிசையாகச் சொன்னாள். அவள் முடித்ததும் உம்மல் குல்சும் பட்டியலை நீவி மடித்து வைத்தார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன் கெசியா. இது கோழி. உங்க குழந்தைக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு இந்த நூத்திருபது முட்டையும் சேந்துகூடச் சொல்ல முடியாது. ஆனா இது ஒண்ணு சொல்லுது. யாரும் ஒண்ணும் பண்ணாமலும் இப்படி நடக்கும். தாயும் பண்ணல. புகையும் பண்ணல. நடந்துருக்கு, அவ்வளவுதான்."

"ஏனுங்க மேடம் நடக்குது?"

"தெரியாது."

இவ்வளவு படித்தவர், இவ்வளவு சாதாரணமாகத் தெரியாது என்று சொன்னது கெசியாவுக்கு என்னவோ செய்தது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மேடம் எழுந்துபோய் லேப் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

*

வீட்டுக்கு வந்ததும் ரூபனிடம் சொன்னாள். அவன் அப்போதுதான் கடையிலிருந்து வந்து, ஈரத் தலையோடு தின்பண்டம் எதையோ மென்றுகொண்டிருந்தான். எழுபத்தொன்று என்ற எண்ணிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஆறாம் மாதம் வரை புகை போட்டதைத் தான் எப்படி மனசில் சுமந்தாள் என்பதையும் முதல் தடவையாகச் சொன்னாள். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"நீயா?" என்றான். "நீயுமா அப்புடி நெனச்சுட்டு இருந்தே?"

அவளுக்குப் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, அவள் ஒரு அடி நெருங்கி வரும்படியான அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னான். "நானு வார்னிஷுன்னு நெனச்சேன் அம்மணி. சட்டையெல்லாம் அந்த நாத்தத்தோடதான வருவேன். உன்ற பக்கத்துலதான படுத்தேன். புள்ள போனப்பறம் ஒரு நாளும் குளிக்காம நான் ஊட்டுக்குள்ள வரலை. கடையிலயே குளிச்சுப்போட்டுத்தான் வாரேன்."

மூன்று வருஷம். அவன் கடையிலேயே குளித்துவிட்டு வருவதைச் சுத்தத்துக்காக என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாகத் தாங்களே காரணம் என்று நம்பியிருக்கிறார்கள். கெசியா அவன் ஈரத் தலையில் கை வைத்தாள். சமையற்கட்டில் பாப்பாயி அடுப்பை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் பின்வாசல் வழியே வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆனாலும் கெசியா அடுத்த சனிக்கிழமை அரங்கசாமியிடம் போய், கர்ப்பமாக இருக்கும் பெண்களைப் புகை அறைப் பக்கம் விடக் கூடாது என்றாள். அப்படியானால் புகையால் கெடுதல் என்று உன் படிப்பில் தெரிந்ததா என்று அவர் கேட்டார். இதயத்தில் தெரியவில்லை, ஆனால் அதிகப் புகையில் பாதிக் கரு செத்துப்போனது, அது போதும் என்றாள். அவர், "சரீங்க அம்மணி, நீங்க சொன்னா செரி" என்றார். முன்பெல்லாம் அவளை அவர் நீ என்றுதான் பேசுவார். அந்த மாதமே அறைச் சுவரில் புகை போக்கும் விசிறி ஒன்றை மாட்டினார். வெளியிலிருந்தே மருந்து ஊற்றும்படி ஒரு குழாயும் வைத்தார்.

ஏப்ரல் கடைசியில் வாய்மொழித் தேர்வு. சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் அவளுடைய ஆய்வேட்டை ஒரு மணி நேரம் புரட்டினார். மெழுகு, சாயம், கணக்கு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் அந்த ஒரு வரிக்கு வந்தார். கண்ட்ரோல் கூட்டத்தில் ஒன்றில் ஓட்டை என்று எழுதியிருக்கிறாயே, முட்டை ஏற்கெனவே கெட்டதாக இருந்திருக்கலாம், அதை விட்டுவிட்டு எழுதியிருந்தால் முடிவு சுத்தமாக இருந்திருக்குமே, ஏன் சேர்த்தாய் என்று கேட்டார்.

"அது இருந்துதுங்க சார்," என்றாள் கெசியா. "இருந்ததை எப்புடீங்க விடறது?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். ஆய்வேட்டை மூடி வைத்தார். முதல் வகுப்பு. ஜூனிலிருந்து அதே துறையில் செய்முறை வகுப்பு எடுக்க வரும்படி உம்மல் குல்சும் அவளை அங்கேயே கேட்டார்.

ரூபன் கடைக்கு லீவு போட்டுவிட்டு, கல்லூரி வாசலில் தன் டி.வி.எஸ்.ஸோடு காத்திருந்தான். இரண்டு பஸ்ஸும் இல்லாமல் அன்றைக்கு வண்டியிலேயே திரும்பினார்கள். காந்திபுரத்தில் சாப்பிட்டார்கள். வெயில் தாழும் நேரத்தில் கருமத்தம்பட்டி வந்தபோது, கேட்காமலே அவன் வண்டியைக் கல்லறைத் தோட்டத்துப் பாதையில் திருப்பினான். புதைத்ததற்குப் பிறகு இனியாவின் இடத்துக்கு அவர்கள் சேர்ந்து வந்ததில்லை. அவன் தனியாக வந்துபோனது உண்டு என்பது, அங்கே செடி பிடுங்கிச் சுத்தமாக இருந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்தது.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. எங்கோ கிணற்று மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது நன்றாகத்தான் ஓடுகிறது என்றான் ரூபன். கெசியா புல்லின்மேல் கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். ஆழமான, சத்தமில்லாத, எதுவும் தெரியாத தூக்கம். மேற்கிலிருந்து வெயில் சாய்வாக வந்து அவள் முகத்தில் விழுந்தது. ரூபன் எழுந்து, அந்தப் பக்கம் போய், தன் நிழல் அவள்மேல் விழும்படி உட்கார்ந்துகொண்டான்.